எங்கள் தெருவில் ஒரு செத்தவீடு

1

“வெள்ளைக்காரர் இருக்கிற இடத்தில வீடு வாங்கியிருக்கிறியளாம், எப்பிடி இருக்கு?” என்று ஊரிலிருந்து தொலைபேசியில் பேசுகிற எல்லோரும் கேட்கிறார்கள். கேட்கிற குரலில் கொஞ்சம் பொறாமையும் இருக்கும். இத்தனை வருடமும் “பரவாயில்லை, அமைதியான இடம்” என்று பதில் சொல்லிவந்தேன். இனிமேல் அப்படிச் சொல்வதாக இல்லை. கேட்டவர்கள் அனைவருக்குமாகச் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மொன்ட்ரியால் தீவின் மேற்குப் பக்கத்தில், பிரெஞ்சு பேசும் மாகாணத்துக்குள் ஆங்கிலம் பேசிக்கொண்டு இருக்கிற ஒரு சின்ன நகராட்சி எங்களுடையது. வீட்டுக்கு முன்னால் புல், பின்னால் புல், இரண்டு வீட்டுக்கும் நடுவில் சீடர் மரவேலி. எங்கள் தெருவில் நடைபாதை கிடையாது. நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களைத் தவிர நடக்கிறவர்களும் கிடையாது. நாய்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டு நாய்க்குப் பெயர் பெய்லி. அதை வளர்க்கிற ஹரோல்டின் பெயர் எனக்குத் தெரிவதற்கு ஐந்து வருடம் ஆனது.

இங்கே யாரும் யாரோடும் சண்டை பிடிப்பதில்லை. கையை உயர்த்துவார்கள், சிரிப்பார்கள், “நல்ல காலநிலை” என்பார்கள். உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, உங்கள் மேல் நகராட்சிக்குத் தொலைபேசி எடுப்பார்கள். யாழ்ப்பாணத்தில், குருநகரில் என் தாய்வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி எங்கள் கோழி அவளுடைய முற்றத்துக்குப் போய்விட்டால் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவாள். முகத்துக்கு நேரே திட்டுவாள். அந்த மரியாதை இங்கே கிடையாது.

போன சனிக்கிழமையோடு என் கணவர் அமலதாஸ் இறந்து ஒரு வருடம். காலையில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் பூசை. பின்னேரம் வீட்டில் செபமாலை, பிறகு வந்தவர்களுக்குச் சாப்பாடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் என் மகள் அனிற்றா நகரத்துக்குள் இருக்கும் தன் வாடகை வீட்டிலிருந்து தொலைபேசி எடுத்தாள்.

“அம்மா, ஹோல் ஒண்டு எடுப்பம். பங்கு மண்டபம் சும்மாதானே கிடக்கு.”

“ஏன், எங்களுக்கு வீடு இல்லையோ?”

“இருக்கு. போன முறை நடந்தது மறந்துபோச்சே உங்களுக்கு?”

“மறக்கேல்லை. அதுக்காகத்தான் வீட்டில வைக்கப்போறன்.”

பிறகு, “ஓகே அம்மா, உங்கட விருப்பம்” என்றாள். அந்தச் சொல்லை அவள் இந்தத் தெருவில்தான் படித்தாள். உன்னோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் இதைப்பற்றி இனிக் கதைக்கப்போவதில்லை என்று அதற்கு அர்த்தம்.

2

இங்கே வருவதற்கு முன் மொன்ட்ரியால்-நோரில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். சுவர்கள் அப்பளம் மாதிரி. மேல்வீட்டு ஹெயிட்டிக்காரி இருமினால் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் மீன் பொரித்தால் அவளுக்கு மணக்கும், அவள் ஒரு கோப்பையோடு இறங்கி வந்துவிடுவாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பாதி அவளிடம் படித்ததுதான். படிக்கட்டில் சண்டை, கீழே பொலிஸ், எல்லாம் உண்டு. அனிற்றாவுக்கு ஆறு வயதானபோது, பிள்ளையை இதற்குள் வைத்து வளர்க்கக்கூடாது என்று அமலதாஸ் முடிவெடுத்தார். விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. வேலைக்குக் கிட்டவாக, பெரிய மரங்களும் பூங்காவும் உள்ள இடமாகப் பார்த்து இந்த வீட்டை வாங்கினார். சாவி கிடைத்த அன்று வெறும் வீட்டில் நடுக்கூடத்தில் நின்று, “கேளும் ஜெசி, ஒரு சத்தமும் இல்லை” என்றார். எவ்வளவு சந்தோசம் அவருக்கு!

முதல் கோடையிலேயே சட்டங்கள் வரத் தொடங்கின. புல் இந்த உயரத்துக்கு மேல் வளரக்கூடாது. குப்பைத் தொட்டியை இந்த நேரத்துக்கு முன் தெருவில் வைக்கக்கூடாது. காரைப் பனியிலிருந்து காக்க மற்ற நகராட்சிகளில் எல்லோரும் போடுகிற பிளாஸ்ரிக் கூடாரம் இங்கே போடக்கூடாது, தெருவின் அழகு கெட்டுவிடுமாம். எல்லாம் வழுவழுப்பான தாளில், இரண்டு மொழியில், புன்னகைக்கிற குடும்பத்தின் படத்தோடு வரும். உடுப்புக் காயப்போடுகிற கொடியைப்பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனால் நான் கொடி கட்டிய மறுவாரம், பக்கத்து வீட்டுப் பெண் தன்னுடைய பழைய உலர்த்தி இயந்திரத்தை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எவ்வளவு நல்லவர்கள் என்று நான்கூட நினைத்தேன்.

பிள்ளைக்குத் தெருவில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு. வந்தேறிகளின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும் என்பது மாகாணத்துச் சட்டம். தெருவில் பாதிப் பிள்ளைகள் மஞ்சள் பேருந்து ஒன்றில் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள், அனிற்றா இன்னொரு மஞ்சள் பேருந்தில் தனியாக ஏறுவாள். மூன்று மொழியிலும் அவள் கெட்டிக்காரி. மூன்றிலும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாள்.

பிறந்தநாள் அழைப்பிதழ்கள் வரும். இரண்டு மணி முதல் நான்கு மணி வரை என்று போட்டிருக்கும். விருந்து எப்போது முடியும் என்று அழைக்கும்போதே சொல்கிற சனங்களை நான் அதற்கு முன் கண்டதில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் எழும்பினால், “என்ன அதுக்குள்ள வெளிக்கிட்டுட்டியள், இருந்து சாப்பிட்டுப் போங்கோ” என்போம். அமலதாஸ் நான்கு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவரப் போனால், உள்ளே போய் அந்த வீட்டுக்காரரோடு கதைத்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் எட்டு வயது அனிற்றா காரில் ஏறியதும் சொன்னாள்: “அப்பா, பிளீஸ், இனிமேல் வாசல்லயே நில்லுங்கோ. உள்ளுக்கு வராதேங்கோ.” அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

3

குருநகரில் ஒருவர் செத்தால் அழுகைச் சத்தம்தான் அறிவித்தல். பிறகு கோவில் மணி. அரை மணித்தியாலத்தில் தெரு முழுவதும் முற்றத்தில் நிற்கும். பந்தல் போடுகிறவன் யார், சவப்பெட்டிக்குப் போகிறவன் யார், தேத்தண்ணி ஊற்றுகிறவள் யார் என்று ஒருவரும் பேசி வைப்பதில்லை. செத்தவீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீடுகளில் எரியும். கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்டார்கள் என்று பத்து வருடம் முகம் பார்க்காமல் இருந்தவர்களும் அன்றைக்கு வந்து நிற்பார்கள். நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ என்பதுதான் எங்களுடைய சட்டம். வழுவழுப்பான தாளில் அச்சடித்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அமலதாஸ் நவம்பரில் செத்தார். மரித்த ஆத்துமாக்களின் மாதம். வேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் வைத்தியசாலையில் கண் திறக்கவில்லை. மலர்ச்சாலையில் உடலைப் பார்வைக்கு வைத்தோம், பூசை வைத்தோம், அடக்கம் செய்தோம். எங்கள் வழக்கப்படி எட்டாம் நாள் வரைக்கும் பின்னேரங்களில் வீட்டில் செபமாலை. எங்கள் பங்கில் செபம் சொல்லுகிற சூசை அண்ணை பொறுப்பெடுத்தார். மொன்ட்ரியால்-நோரிலிருந்து வந்தார்கள், ஆற்றுக்கு அக்கரையில் புரோசார்ட்டிலிருந்து வந்தார்கள், வேலை முடித்து மெட்ரோவும் இரண்டு பேருந்தும் மாறி வந்தார்கள். சைவக்காரரும் வந்து செபமாலைக்கு இருந்தார்கள். இடியப்பம் ஒரு வீடு, சம்பல் ஒரு வீடு என்று பாத்திரங்கள் வந்து இறங்கின. வாசலில் கழற்றிய சப்பாத்துகளின் குவியல். நான் நடுவில் ஒரு கதிரையில் இருந்தேன். வந்த பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள், நானும் அழுதேன். பிறகு அவர்கள் காணி விலையும் பிள்ளைகளின் கலியாணமும் கதைத்தார்கள். அதுவும் வேண்டும். அந்தச் சத்தம் இருந்தபடியால்தான் நான் அந்த நாட்களில் மூச்சு விட்டேன். இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. சத்தம் நின்று எல்லோரும் போனபின் எனக்கு உண்மையாகவே மூச்சு முட்டியது.

எங்கள் தெருவிலிருந்து மட்டைகள் வந்தன. மங்கலான பூப் படம் போட்ட அனுதாப மட்டைகள். “எங்கள் எண்ணங்கள் உங்களோடு இருக்கின்றன” என்று எல்லாவற்றிலும் ஒரேமாதிரி அச்சடித்திருந்தது. கதவைத் தட்டிக் கொடுத்தவர் ஒருவருமில்லை, தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போனார்கள். எண்ணங்களை அனுப்பிவிட்டு ஆட்கள் வீட்டில் இருந்தார்கள்.

நாலாம் நாள் செபமாலையின் நடுவில் மணி அடித்தது. பிந்தி வந்தவர்கள் என்று நினைத்து யாரோ கதவைத் திறந்தார்கள். நகராட்சியின் ரோந்துக்காரன் நின்றான். சின்னப் பெடியன், பிரெஞ்சுக்காரன். உள்ளே மெழுகுதிரியையும் மாலை போட்ட படத்தையும் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். “மதாம், மன்னிக்கவேண்டும், ஒரு முறைப்பாடு வந்திருக்கிறது” என்றான். ஒவ்வொரு பின்னேரமும் கூட்டம், சத்தம், தெரு நிறையக் கார்கள். இன்றைக்கு ஒன்றும் செய்யமாட்டேன், ஆனால் நாளைக்கும் இப்படி நின்றால் தண்டம் எழுதவேண்டி வரும் என்று மெதுவாகச் சொன்னான்.

“யார் சொன்னது?” என்று கேட்டேன்.

அதைச் சொல்ல முடியாதாம், இரகசியமாம்.

அவனில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டும். நிறுத்திய செபத்தைச் சூசை அண்ணை மீண்டும் தொடங்கினார், சனம் குரலைத் தாழ்த்திக்கொண்டு பதில் சொன்னது. முடிந்ததும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் ஒவ்வொருவராக எழும்பினார்கள். “உங்களுக்கு வீண் கரைச்சல் பிள்ளை” என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டார்கள். மிச்ச நாட்களின் செபமாலையைக் கோவிலின் நிலக்கீழ் மண்டபத்துக்கு மாற்றினோம். அமலதாஸ் வாழ்ந்த வீட்டில் அவருக்காகச் செபிக்க ஆளில்லை. அவருடைய படம், இரும்புக் கதிரை அடுக்கிய ஒரு மண்டபத்தில், பிங்கோ விளையாட்டு அறிவித்தலுக்குக் கீழே நின்றது.

குருநகரில் ஊரடங்குச் சட்டத்திலும் செத்தவீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். ஆமிக்காரன்கூட வழி விட்டான்.

4

முறைப்பாடு செய்தது ஹரோல்ட்தான் என்று எனக்கு அடுத்த நிமிடமே தெரியும். வேறு யார்? எதிர்வீடு. ஓய்வு பெற்றவர். நாள் முழுவதும் யன்னலுக்குப் பக்கத்தில் இருப்பவர். அவருடைய புல்லை ஒருவர் மிதித்தாலே முகம் மாறும், அந்த நாட்களில் எங்கள் ஆட்களின் கார்ச் சில்லுகள் அதன் ஓரத்தில் ஏறியிருந்தன. போதாக்குறைக்கு, அந்தப் பின்னேரங்களில் அவர் தன் வாசலில் வந்து நின்று எங்கள் வீட்டைப் பார்ப்பதை நானே கண்டிருந்தேன்.

ஒரு வருடம் அந்த மனிதனோடு போர் நடத்தினேன். அவர் கையை உயர்த்தினால் நான் வானத்தைப் பார்த்தேன். அவர் “ஹலோ” சொன்னால் நான் குப்பைத் தொட்டியோடு கதைத்தேன். பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில், இங்கே கார்டெரி என்பார்கள், நான் சமையல் வேலை செய்கிறேன். காலையில் பேருந்துக்கு நடக்கும்போது பெய்லி வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும். நாயோடு எனக்கென்ன பகை? அதைத் தடவுவேன், சங்கிலியைப் பிடித்திருக்கிறவரை நிமிர்ந்து பார்க்கமாட்டேன். மாசியில் பெரிய பனி கொட்டியபோது அவர் தன்னுடைய இயந்திரத்தைக் கொண்டுவந்து எங்கள் வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போனார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்து, நன்றிகூடச் சொல்லாமல் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

அனிற்றாவிடம் ஒவ்வொரு கிழமையும் இதைச் சொல்லித் திட்டுவேன். “விடுங்கோ அம்மா” என்பாள். வேறு ஒன்றும் சொல்லமாட்டாள்.

இந்த முறை நான் விடுவதாக இல்லை. முறைப்படி அனுமதி எடுத்து, ஒருவனும் வாய் திறக்க முடியாமல் செய்வது என்று அந்தச் சனிக்கிழமைக்கு முந்திய திங்கட்கிழமை நகராட்சிக்குத் தொலைபேசி எடுத்தேன். “பொன்ஜூர், ஹாய்” என்றது ஒரு தேன் குரல். சனிக்கிழமை வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், தெருவில் கார் நிறுத்த அனுமதி வேண்டும் என்றேன்.

“மகிழ்ச்சி மதாம். என்ன நிகழ்ச்சி? பிறந்தநாளா, பட்டமளிப்பா?”

“என் கணவர் இறந்து ஒரு வருடம். செபம் சொல்கிறோம்.”

“ஓ, வருந்துகிறேன்.” விசைப்பலகையில் கொஞ்சம் தட்டுகிற சத்தம். “அதற்கு இங்கே பிரிவு இல்லை. தனிப்பட்ட கொண்டாட்டம் என்று போட்டுவிடட்டுமா?”

எனக்குக் காது சுட்டது. செத்தவனுக்குச் செபம் சொல்வது இந்த நகராட்சிக்குக் கொண்டாட்டம். பிரிவு இல்லையாம். நாய்க்குட்டிக்கு அனுமதிப்பத்திரம் எடுக்கப் பிரிவு இருக்கிறது, தோட்டத்தில் மரம் வெட்டப் பிரிவு இருக்கிறது. இவர்கள் சாகிறதே இல்லையா? சாகிறார்கள், எங்கள் தெருவிலேயே செத்திருக்கிறார்கள். வீட்டுக்கு முன்னால் விற்பனைப் பலகை நடும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியும்.

“போடுங்கோ” என்றேன். “கொண்டாட்டம் எண்டே போடுங்கோ.”

தமிழில்தான் சொன்னேன். அவளுக்கு எப்படியோ விளங்கிவிட்டது.

5

அனுமதி கையில் கிடைத்ததும் எனக்கு வீரம் வந்தது. அன்று பின்னேரமே தெருவைக் கடந்துபோய் ஹரோல்டின் மணியை அடித்தேன். அந்தப் புல்லை நடுவால் மிதித்துக்கொண்டுதான் போனேன்.

“சனிக்கிழமை என் கணவரின் ஆண்டு நினைவு. ஐம்பது பேர் வருவார்கள். கார்கள் நிற்கும். நகராட்சியின் அனுமதி என்னிடம் இருக்கிறது” என்றேன். “இந்த முறை நீங்கள் தொலைபேசி எடுத்துப் பயனில்லை.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த முறையா?”

போன நவம்பரில் ரோந்துக்காரன் வந்ததைச் சொன்னேன். கிழவரின் முகம் சிவந்துவிட்டது. தான் எடுக்கவில்லை என்றார். ஒரு நாள் கழுத்துப் பட்டிகூடக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டுத் தன் வாசல்வரை வந்து நின்றாராம். எங்கள் வீட்டுக்குள் வரலாமா என்று தெரியவில்லையாம். “யாரும் என்னை அழைக்கவில்லை. உங்கள் துக்கத்துக்குள் நுழைந்து தொந்தரவு செய்ய நான் விரும்பவில்லை” என்றார்.

ஒரு மனிதன் தெருவைக் கடக்க ஒரு அழைப்பிதழை எதிர்பார்த்து நின்றிருக்கிறான். கதவு திறந்திருந்தது, வாசலில் அத்தனை சப்பாத்துகள் கிடந்தன, அதற்கு மேல் எப்படி அழைப்பது? “செத்தவீட்டுக்கு யாரும் அழைக்கமாட்டார்கள். வரவேண்டும்” என்று சத்தமாகவே சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குப் பட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு வருடமாக வளர்த்த கோபத்தை இனி எந்த வீட்டுக்குக் கொண்டுபோவது?

மறுநாள் சாமான் வாங்க உதவி செய்வதற்கு அனிற்றா வந்தாள். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். ஹரோல்ட் சொன்னதைச் சொன்னேன். அப்படியென்றால் உலர்த்தி தந்த பக்கத்து வீட்டுக்காரிதான், சிரித்துச் சிரித்துக் கழுத்தறுக்கிறவள், சனிக்கிழமைக்கு முதல் அவளிடமும் போய் நாலு கேள்வி கேட்கப்போகிறேன் என்றேன்.

“போகாதேங்கோ அம்மா.”

“ஏன் போகக்கூடாது? எனக்கு என்ன பயமோ?”

“அவ இல்லை.” கத்தியை வைத்துவிட்டாள். “நான்தான் கோல் பண்ணினது.”

வெங்காயம் உரித்த கண்ணோடு அவளைப் பார்த்தேன். எனக்கு விளங்கவில்லை. ஆங்கிலத்தில் இன்னொரு முறை சொன்னாள்.

“கார் நிக்கக்கூடாது எண்டால் ஆக்கள் கொஞ்சம் குறைவினம் எண்டு நினைச்சன். ஒருத்தரை வீட்டுக்குள்ள அனுப்புவினம் எண்டு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது அம்மா.”

நான் என்ன சொன்னேன் என்பதையெல்லாம் இங்கே எழுதமுடியாது. செத்த அப்பனுக்குச் செபம் சொல்ல வந்த சனத்தைத் துரத்தினவள் என்றேன். வேலியே பயிரை மேய்ந்த கதை என்றேன். உன்னைப் பெற்றதுக்கு ஒரு நாயை வளர்த்திருக்கலாம், இந்த ஊரில் அதற்காவது மதிப்பு என்றேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, அந்தத் தாழ்ந்த குரலிலேயே சொன்னாள்:

“அப்பா உங்களுக்கு மட்டும் சாகேல்லை.”

“நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?”

“எனக்கு அழ ஒரு இடம் இருந்ததே இந்த வீட்டில? கீழ முழுக்க ஆக்கள். பாத்ரூமுக்கு வரிசை. என்ர ரூமுக்குப் போனால் வந்த எல்லாற்ற குளிர்க் கோட்டும் என்ர கட்டிலில. மலை மாதிரி. ஒவ்வொரு நாளும். ஆரோ வந்து வந்து கிளறி எடுத்துக்கொண்டு போவினம். என்னைக் கண்டால், ‘அழாதை பிள்ளை, அம்மாவைப் பார், நீதான் தைரியமா இருக்கோணும்’ எண்டுவினம். பேந்து எப்ப கலியாணம் எண்டு கேப்பினம். எனக்கு ஒரு பின்னேரம் போதும் எண்டு இருந்தது அம்மா. ஒரு பின்னேரம் சத்தமில்லாமல்.”

கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். சனிக்கிழமை நீ வராவிட்டாலும் எனக்குப் பரவாயில்லை என்று வாசல்வரை கேட்கும்படி கத்தினேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. கோபம் கொதித்துக்கொண்டே இருந்தது. அவளில் மட்டுமல்ல. இந்தத் தெருவை அவளுக்காகத்தானே வாங்கினோம். இந்த மரத்தையும் பூங்காவையும் அமைதியையும் மாதாமாதம் வங்கிக்குக் கட்டி வாங்கிக் கொடுத்தோம். முற்றத்தில் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அவள் வீரிட்டு அழுத நாட்களில், “உஷ், அக்கம்பக்கம் பாக்கினம், உள்ள வா” என்று இழுத்துக்கொண்டு வந்தது நான். தெரு அவளை வளர்த்தது, நாங்கள் தெருவுக்கு உதவி செய்தோம். அதற்காக அவள் செய்தது சரியாகிவிடுமா? ஆகாது. செத்தவீட்டுச் சனத்தை நிறுத்துவதற்கு ஒரு நியாயமும் இல்லை. இதை இன்றைக்கும் சொல்வேன்.

6

சனிக்கிழமை காலையில் அனிற்றா வந்தாள். கறுப்புச் சட்டை போட்டு, தலையை இழுத்துக் கட்டி, ஒன்றும் நடக்காததுபோல் கதிரைகளை இழுத்துப் போட்டாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. கோவிலுக்குப் போனோம், வந்தோம். பின்னேரம் சனம் வரத் தொடங்கியது. தெரு இரண்டு பக்கமும் கார்கள். வீடு நிறைந்தது. சாப்பிட ரோல்ஸும் பற்றிஸும் தட்டுத் தட்டாக வந்து இறங்கின. ஹரோல்டும் வந்தார், கழுத்துப் பட்டியோடு, கழற்றிய சப்பாத்துகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு. சூசை அண்ணை அவரைத் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். ஒரு வருடம் பிந்தி வந்தவர். ஆனாலும் வந்தார்.

செபமாலை தொடங்கியது. ஐம்பது குரல் ஒன்றாக எழும்பியபோது என் நெஞ்சு நிறைந்தது. இதற்காகத்தானே ஒரு வருடம் காத்திருந்தேன். இந்தச் சத்தம் இந்தச் சுவரில் படவேண்டும் என்றுதானே நகராட்சியோடும் தெருவோடும் பெற்ற பிள்ளையோடும் சண்டை பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். செபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களில் இரண்டாவது முடிந்து கண்ணைத் திறந்தபோது அனிற்றாவைக் காணவில்லை.

எழும்பினேன். செபமாலையின் நடுவில் வீட்டுக்காரி எழும்பக்கூடாது. பக்கத்தில் இருந்தவர்கள் கையைப் பிடித்தார்கள், விடுவித்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன்.

அவள் தன் அறை வாசலில் நின்றாள். உள்ளே போக இடமில்லை என்பதுபோல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டிலில் கோட்டுகள். கறுப்பு, மண்ணிறம், ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தலையணை மறையக் குவிந்து, கைகள் தொங்கிக்கொண்டு கிடந்தன. மேலே கொண்டுபோய்ப் போடுங்கோ, மேலே கொண்டுபோய்ப் போடுங்கோ என்று வாசலில் நின்று வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னது நான்தான். அத்தனையும் தெரிந்த பிறகும் பழக்கத்தில் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்று கேட்காதீர்கள். இரண்டு கையாலும் அள்ளினேன். அள்ளி அறைக்கு வெளியே எறிந்தேன். திரும்பவும் அள்ளி எறிந்தேன். ஒன்று படிக்கட்டில் சரிந்து கீழே போனது, யாருடைய பையிலிருந்தோ சில்லறை உருண்டு ஓடியது. “அம்மா, என்ன செய்யிறியள், அம்மா” என்றாள் அனிற்றா. கட்டில் வெறுமையாகும்வரை நான் நிறுத்தவில்லை. பிறகு அவளை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டினேன்.

கட்டிலில் இருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். அழாதை என்று வாய்வரை வந்தது, சொல்லவில்லை. தைரியமாய் இரு என்று சொல்ல வந்தது, அதையும் விழுங்கினேன். கட்டிப்பிடிக்கக்கூட இல்லை. அவள் முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, சத்தமேயில்லாமல், முதுகு மட்டும் குலுங்க அழுதாள். நான் சும்மா இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான வேலை நான் செய்ததில்லை.

கீழே ஒரு தேவ இரகசியம் முடிந்து அடுத்தது தொடங்கவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. சூசை அண்ணை படிக்கட்டின் அடியிலிருந்து கூப்பிட்டார்.

“ஜெசி, எங்க நிக்கிறாய் பிள்ளை? சனம் பாத்துக்கொண்டு இருக்குது.”

அனிற்றா முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “நீங்கள் போங்கோ அம்மா. எல்லாரும் தேடீனம்.”

“தேடட்டும்” என்றேன்.